எட்டாவது மூலை

வட்டக்கச்சி,
சனிக்கிழமை.

அன்புள்ள மருமகன் ஜனார்த்தனனுக்கு மாமா ஐயாத்துரை எழுதுவது. இங்கே நானும் மாமியும் இரண்டு மாடுகளும் சுகம். உமது சுகத்தைப் பிள்ளையாரிடம் ஒப்படைத்துவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

கடந்த திங்கட்கிழமை காலை, ஆற அமர யோசித்து, உமது மகள் சுமித்திரா விடுமுறைக்கு வந்து விட்டுப்போன ரூபிக் கியூப்பை, அதன் கணிதம் விளங்கும்வரை இனித் திருகுவதில்லை என்று முடிவெடுத்தேன். மாமிக்கு முறைப்படி அறிவித்தேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

காரணம் உண்டு. சுமித்திரா எழுதித் தந்த படிகளின்படி திருகினால் முன்பெல்லாம் ஆறு பக்கமும் சேரும். தைப்பொங்கலுக்கு நான் அதைக் கழற்றி, துடைத்து, தேங்காயெண்ணெய் விட்டுப் பூட்டினேன். பொருளைப் பேணத் தெரிந்த பரம்பரை நாங்கள். அதன் பிறகு ஏழு மூலை அடங்கும், எட்டாவது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். கணிதத்தில் எங்கோ பிழை இருக்கிறது.

இதற்கிடையில் வாசிகசாலை ஆண்டு விழாவில் 'கியூப்பின் கணிதம்' பற்றி நான் பேசுவதாகவும், மேடையிலேயே சேர்த்துக் காட்டுவதாகவும் நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். தலைவர் அப்புத்துரை என்னிடம், "சேராட்டிலும் பரவாயில்லை ஐயாத்துரை, சனம் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகும்" என்றார். நாற்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவனுக்கு இந்த அவமானம் காணும்.

எனவே ஆரம்ப நூல் தேடினேன். எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்றீர். இருக்கிறது. ஒரு வீடியோவில் ஒருவன் ஆறு விநாடியில் சேர்த்துவிட்டு, இவ்வளவுதான் என்கிறான். 'ஆரம்ப வாசகருக்கு' என்ற புத்தகம் ஒன்று, முதற் பக்கத்தில் முன்னறிவு எதுவும் தேவையில்லை என்கிறது. மூன்றாம் பக்கத்தில் 'வாசகர் ஏற்கெனவே அறிந்தபடி' என்கிறது. இரண்டாம் பக்கத்தை நாலு தரம் படித்தேன். அதில் நன்றியுரை மட்டுமே இருந்தது. கிளிநொச்சியில் ரியூஷன் ஆசிரியர் ஒருவர், பரீட்சைக்கு வராத கணிதம் பற்றித் தான் கேள்விப்பட்டதேயில்லை என்றார்.

மல்லாவியில் கணிதம் படிப்பித்த ஆண்டியப்பன் மாஸ்ரர் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். அவரும் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போனேன். அன்றைக்குக் கொடுக்கும் நினைவு மலரில் ஊருலகம் தேவாரம் அடிக்கும். அவருடைய மகள் சிவரூபி, தகப்பன் எழுதிவைத்தது என்று கட்டம் கட்டமாகப் படமும் அம்புக்குறியும் அடித்துத் தந்தாள். மாஸ்ரருடைய படத்துக்கு அப்பால் நான் ஒரு வரி படிக்கவில்லை. சோறு நன்றாக இருந்தது.

நீர் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பிப்பதாகக் கேள்வி. மனிதருக்கு விளங்கும் ஒரு புத்தகம் உலகத்தில் இருந்தால், விழாவுக்கு முன் அனுப்பும். மருமகளுக்கும் சுமித்திராவுக்கும் எங்கள் ஆசி, மாடுகளின் பெயராலும்.

இப்படிக்கு,
ஐயாத்துரை மாமா

பி.கு.: வீட்டில் முத்திரை இல்லாததால் கடிதம் மூன்று நாள் கிடந்தது. அதற்குள் மாமி, "அப்ப அலுமாரிக் காலுக்குக் கீழ நீங்கள் வைச்ச புத்தகம் என்னத்துக்கு?" என்றார். இழுத்துப் பார்த்தால் ஆண்டியப்பன் மாஸ்ரருடைய நினைவு மலர், உள்ளே முழுக்கக் கியூப்பின் கணிதம். தேத்தண்ணி ஆறுவதற்குள் முதல் அதிகாரம் விளங்கிவிட்டது. ஒன்பதாம் பக்கத்தில், கழற்றிப் பூட்டும்போது ஒரு மூலை திரும்பிவிட்டால் பிறகு எவ்வளவு திருகினாலும் சேராது என்று காரணத்தோடு எழுதியிருக்கிறார். கழற்றுபவர்களைப் பற்றியும் ஒரு வரி உண்டு, அதை விடும். அப்புத்துரையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுதின மாஸ்ரரின்ர மகள் இருக்கேக்க நீர் ஏன் பேசவேணும் ஐசே?" என்றார். புத்தகம் அனுப்ப வேண்டாம். நோட்டீஸ் மாற்றி அடித்தாயிற்று. பேச்சு, செல்வி சிவரூபி ஆண்டியப்பன். நன்றியுரை, நான். அலுமாரி ஆடுகிறது.