பெண் பார்க்கப் போய்ப் பாறை பார்த்த கதை

மாமனார் தோளில் கை போட்டுப் பேசும் மாப்பிள்ளைகள் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே அவர் தோளில் ஏறி உட்கார்ந்த மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

யுத்த காலம். அருப்புக்கோட்டையிலிருந்து, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில், முகமெல்லாம் புகையோடு நானும் அய்யாவும் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் எஸ்தர். அவளுடைய அப்பா எங்கள் பக்கத்துக்காரர்தான். அந்த ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். ஏற்கெனவே இரண்டு வீட்டில் என்னை வேண்டாமென்றிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் அய்யா என்னை வீட்டில் சேர்க்கமாட்டார்.

சாப்பிட்டதும் வாத்தியார் என்னைப் பாறைகள் பார்க்கக் கூட்டிப்போனார். அலை அரித்து அரித்து ஒன்று குடையாக நின்றது. ஒன்று கறையான் தின்ற கதவு மாதிரி முழுக்க ஓட்டை. இன்னொன்றின் நடுவே கடல் வாசலே குடைந்து வைத்திருந்தது. தண்ணீர் வற்றிக் கிடந்ததால் நடந்தே போய் அந்த வாசலுக்குள் உட்கார்ந்தேன். (என்ன காற்று! எங்கள் ஊரில் அப்படிக் காற்று அடித்தால் வரி போட்டுவிடுவார்கள்.)

"மாப்ள, தண்ணி ஏறப்போவுது. எந்திரிங்க, போவோம்" என்றார் வாத்தியார்.

"எங்க கண்மாயில வத்துன தண்ணி திரும்பி வந்து நான் பாத்ததே இல்ல. சும்மா உக்காருங்க" என்றேன். (கடற்கரையில் குடியிருப்பவருக்கு நான் கடலைப் பற்றிச் சொல்கிறேன்!) பெண் பார்க்க வந்தவனை எதிர்த்துப் பேச முடியாமல், பாவம், உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அடுத்த அலை இடுப்புக்கு. "ஐயோ, ஆண்டவரே!" என்று நான் அலறியதுதான் தெரியும். மறு நிமிஷம் அவர் தோள்மேல் இருந்தேன். (என்னைவிட அவர் ஒரு சாண் குட்டை.) வழுக்கைத் தலையில் பிடி கிடைக்காமல் அவருடைய இரண்டு காதையும் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, காத விடுங்க... காத விடுங்க மாப்ள" என்று கெஞ்சிக்கொண்டே என்னைக் கரைக்குச் சுமந்து வந்தார். கரையில் ஊரே நின்றது. எஸ்தரும் நின்றாள். அய்யா மட்டும் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்த அலை என்னை இழுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

பதில் கேட்கும் தைரியம் இல்லாமல் வேட்டியைப் பிழிந்துகொண்டு கிளம்பினேன். அதற்குள் எஸ்தர் சம்மதம் சொல்லிவிட்டாள். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. கல்யாணத்தன்று மாமனார் காலில் விழப் போனேன். அவர் சட்டென்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் என்னைக் கண்டால் அதையேதான் செய்கின்றன.

ஏன் என்னைப் போய்க் கட்டிக்கொண்டாய் என்று எஸ்தரிடம் ஒருநாள் கேட்டேன்.

"எங்கூடப் படிச்சவுக முக்காவாசிப் பேரு புருசனக் கடலுக்குக் குடுத்துட்டு நிக்கிறாக. தண்ணியக் கண்டு இப்பிடி அலறுற ஆளு எனக்கு வேற எங்க கெடைப்பாக?" என்றாள்.