ஒன்பது கோடுகள்

"இந்த வருஷம் பதினேழு சாவு. ஒரு பிறப்புகூட இல்லை. உம்ம ஊர்ல என்னய்யா நடக்குது?"

தாசில்தார் பதிவேட்டை மேஜைமேல் எறிந்தார். ஊரின் பிறப்பு இறப்புக் கணக்கு எழுதும் மணியக்காரர் கருப்பண்ணன் அதை எடுத்து மூடினார். தாத்தா காலத்திலிருந்து குடும்பத்தில் இருக்கும் மணியம் அது.

"எங்க ஊருக்குப் பொண்ணு எடுக்கறது எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் சீமையில ஒரே ஊர்லங்க. பொம்பளைங்க பிரசவத்துக்கு ஆத்தா வூட்டுக்குப் போயிடுவாங்க. சாகறதுக்குத்தானுங்க இங்க ஆளு."

"அந்த ஊர் பட்டேலோட பேசி ஒழுங்கு பண்ணும். இல்லேன்னா மணியம் வேற ஆளுக்குப் போகும்."

அந்த மைசூர் ஊருக்கு மணியக்காரர் மாதிரி இருந்த பட்டேல் வேறு யாருமில்லை, கருப்பண்ணனின் மாமனார். மனைவி தீர்த்தம்மாள் மூன்றாவது பிரசவத்துக்கு அங்கேதான் போயிருந்தாள். முதல் இரண்டும் பெண்.

மாமனார் கொடுத்த பட்டியலில் இவ்வூர்ப் பெண்கள் அங்கே பெற்ற பதினெட்டுக் குழந்தைகள்: ஒன்பது ஆண், ஒன்பது பெண். கருப்பண்ணன் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். ஒரே மாதத்தில் மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது: அதே பதினெட்டும் இரண்டு சர்க்கார் புத்தகத்திலும் எப்படிப் பிறந்தன?

மாரண்டஹள்ளிச் சந்தையில், கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் மாமனும் மருமகனும் சந்தித்தார்கள்.

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்கிட்டா, எங்க ஊரு மலட்டு ஊரா போயிடுமே மாப்ளே. உங்களுக்குத் தாசில்தார் மாதிரி எங்களுக்கு அமுல்தார். அவருக்கு நான் என்ன சொல்றது?"

"அப்பப் பாதிப் பாதி மாமா."

"எப்படிப் பிரிக்கறது?"

கருப்பண்ணன் யோசிக்கவே இல்லை. "ஆம்பளைப் புள்ளைங்க எனக்கு. பொண்ணுங்க உங்களுக்கு."

பட்டேல் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "எழுதிக் குடு. என் மக வயித்துல இருக்கறது?"

"அது ஆம்பளைதான் மாமா!"

கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பதிவேட்டில் ஒன்பது பெண்களின் பெயர்மேலும் அடிக்கோல் வைத்து நேர்த்தியாகக் கோடு இழுத்தார். வேலை சுத்தமாக முடிந்த நிம்மதிதான் மனசில் இருந்தது.

அடுத்த வாரம் தாசில்தார் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஒன்பது பொண்ணு மேலயும் கோடு! கொன்னு போட்டீங்களா?"

"ஐயையோ! அதோ தெருவுல தவழுதுங்க பாருங்க. ஆனா அதெல்லாம் மைசூர் கணக்குங்க."

"வெள்ளிக்கிழமை கலெக்டர் பார்க்கிறார். பொண்ணே இல்லேன்னா, பொண்ணுங்களைக் கொல்ற ஊருன்னு முடிவு கட்டிடுவார். கோடு போட்டதைத் திருத்தக் கூடாது. புதுசாப் பிறந்த பொண்ணு ஒண்ணாவது இந்தப் புத்தகத்துல இருக்கணும். இல்லே, உமக்கு வேலையும் கிடையாது, வெளியில நடமாட்டமும் கிடையாது."

ஊர்ப் பெண்களில் அப்போது நிறைமாதம் தீர்த்தம்மாள் ஒருத்திதான். ஒன்பது மாதமாக ஆண் கேட்டு வந்த சாமியிடம் கருப்பண்ணன் அன்று கூசாமல் பெண் கேட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லைப் பக்கமிருந்து வண்டி வந்தது. தீர்த்தம்மாளோடு போயிருந்த மருத்துவச்சி காசியம்மாள் இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்த வீட்டில் இந்தச் சேதியை அவள் இரண்டு தடவை அப்படி நின்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"பொண்ணுதானுங்க..."

"பொண்ணா! என் தங்கம்!" கருப்பண்ணன் துள்ளி எழுந்தார். தெருவுக்கே சர்க்கரை கொடுக்கச் சொன்னார். மூத்த மகள்கள் இருவரும் அப்பாவை வாய் பிளந்து பார்த்தார்கள். அவர் பதிவேட்டை விரித்துப் பேனாவை மையில் தோய்த்தார்.

"எழுதாதீங்க," என்றாள் காசியம்மாள். "அங்கயே பதிஞ்சாச்சு. பொண்ணுங்க அவருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்த காயிதத்தைப் பட்டேலு நம்ம அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனாருங்க."

"சரி, தீர்த்தம்மா எப்ப வர்றா?"

"வண்டி இந்த ரெண்டு பொண்ணுங்களைக் கூட்டிட்டுப் போக வந்ததுங்க. அம்மா வர மாட்டாங்களாம். அவங்களும் பொண்ணுதானாம்."