குருசாமி போட்ட மலைப்பாதை

இமயமலையின் கேதார்கந்தா சிகரத்துக்கு ஏறும் வரைபடம் கம்ப்யூட்டர் திரையில் விரிந்திருந்தது. குருசாமிக்கு அதைப் பார்க்கும்போதே மூச்சு வாங்கியது.

வினை நாக்கால் வந்தது. சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளை வெளியூருக்கு அனுப்பும் அந்தத் திண்டுக்கல் கம்பெனிக்குப் புது மேனேஜராக வந்த ஐரின், முதல் கூட்டத்திலேயே, "நாம எல்லாரும் ஒருதடவை இமயமலை ஏறினா எப்படி இருக்கும்!" என்றார்.

"நான் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினவன் மேடம்" என்று முந்திக்கொண்டார் கணக்கர் குருசாமி. உண்மையில் முதல் மலையில் சுக்குக்காப்பி குடித்துவிட்டுத் திரும்பியவர்.

பாதை போடும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

பயண நாட்களைக் கூட்டினால் முதலாளி லீவு தரமாட்டார் என்று கணக்குப் போட்டார். நாலு நாள் ஏற்றத்தை ஆறு நாளாக்கினார். தினமும் கொஞ்ச தூரம்தான் நடை, நடுவில் ஒரு நாள் முழுக்கப் படுக்கை.

முதலாளி அதைப் பார்த்து அசந்துபோனார். "உயரத்துக்கு உடம்பு பழகணும்னு யோசிச்சுப் போட்ருக்காரே! தேர்ந்த ஆளுய்யா!" என்று கேட்டதற்கு மேலேயே லீவு கொடுத்துவிட்டார்.

அடுத்து, குளிரைச் சொல்லிப் பயணத்தைக் கலைக்கப் பார்த்தார் குருசாமி.

"ராத்திரி பாட்டில் தண்ணியே உறைஞ்சு போகுமாம் மேடம்."

ஐரின் நிமிர்ந்தார். "அப்படியா சார்? நம்மாளுக தாங்குவாங்களா? நீங்க வேணாம்னா விட்டுரலாம்."

குருசாமி வாயைத் திறப்பதற்குள் பேக்கிங் பிரிவு கனகா குறுக்கே வந்தாள். "அண்ணே இருக்கயில என்ன பயம் மேடம்? வெள்ளியங்கிரியவே பாத்தவரு!"

மொத்த ஆபீசும் அவரைப் பார்த்தது.

"குளிரு என்ன குளிரு? நடக்க நடக்கப் போயிரும்" என்று சொல்லிவிட்டது வாய். பிறகு கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று அந்த வாயை நன்றாகத் திட்டினார்.

மலையேற்றம் நடத்துகிறவர்கள் உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். குருசாமி நம்பிக்கையோடு டாக்டரிடம் போனார்.

"மாடி ஏறினாலே மூச்சு வாங்குது டாக்டர். முழங்காலும் வலிக்குது."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், முழங்காலைத் தட்டினார், இசிஜி எடுத்தார். "ஒண்ணுமில்ல. நடக்காம உக்காந்தே இருக்கறதால வந்தது. தாராளமா மலைக்குப் போங்க, எல்லாம் சரியாயிரும்" என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஐரின் ஓடிவந்து கேட்டார். "டாக்டர் போக வேணாம்னு எதுவும் சொல்லலையா சார்? நல்லாக் கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். போகச் சொல்லிட்டாரு."

ஐரின் முகம் வாடியது. தன் உடம்பின் மேல் இம்புட்டு அக்கறையா என்று குருசாமி நெகிழ்ந்துபோனார். இவரிடம் போய் எப்படி உண்மையைச் சொல்வது?

ரயிலுக்கு முதல் நாள் சாயங்காலம் வீட்டில் மனைவி அழகம்மாள் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள்.

"உச்சில நின்னு போட்டோ அனுப்புங்க. எரியோட்டுல எங்க அண்ணன் வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டேன்."

"செத்த நேரத்துல வாரேன்" என்று குருசாமி வெளியே நழுவினார். பள்ளிக்கூட நாளில் பரீட்சைக்குப் பயந்த பயல்கள், வெங்காயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு காய்ச்சல் வரவழைப்பது அவருக்கு நினைவுக்கு வந்திருந்தது. இதுதான் கடைசி வழி.

ஆபீசுக்கு எதிரே ஜெகபர் அலியின் காய்கறிக் கடை. குருசாமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"பாய், ரெண்டு வெங்காயம் குடுங்க. நல்லாக் காரமா இருக்கணும்."

"வெஞ்சனம் வைக்கறதுக்கா சார்?"

"இல்ல... சும்மா..."

ஜெகபர் அலி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தராசைத் தள்ளி வைத்துவிட்டு, கூடைக்குள் கைவிட்டுப் பெரிதாக இரண்டைப் பொறுக்கி எடுத்துக் கையில் கொடுத்தார்.

"காய்ச்சலுக்குன்னா ரெண்டு அக்குள்லயும் வச்சுப் படுக்கணும் சார். உங்க மேனேஜரம்மாவுக்கும் இப்பத்தான் சொல்லிக் குடுத்து அனுப்பினேன்."