மூளைக்கு நேர்வழி

உங்களுக்கு மூக்கு இருக்கிறதா? அப்படியானால் மூக்குவழி வைத்தியரிடமிருந்து நீங்கள் தப்ப முடியாது. இந்த இனம் மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை; எலிகளைப் பற்றிய ஏதோ கட்டுரையின் முதல் பத்தியைப் படித்திருக்கும். மூக்கிலிருந்து மூளைக்குச் சுங்கச்சாவடிகூட இல்லாத தனிச்சாலை ஒன்று போகிறது, மறதிக்கும் நடுக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் இனி எல்லா மருந்தும் அதில்தான் போகும் என்று தபால் நிலைய வரிசையிலும், தொத்திறைச்சி வாட்டும் அடுப்பருகிலும், ஒருமுறை சவ அடக்கத்திலும்கூட விளக்கியிருக்கும். முழுவதையும் பொறுமையாகக் கேட்டவர் இறந்தவர் மட்டுமே.

ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரத்தில் டோரீனுக்குக் கணவராக வாய்த்த மெர்வ் இந்த இனத்தின் தலைமகன். அவள் தும்மினாலே, "கோணம் தப்பு" என்பார்.

டோரீனுக்கு ஒற்றைத் தலைவலி. கண்ணில் மின்னல் கோடு ஓடியதும் மூக்கில் மருந்து அடித்துக்கொண்டால் பிழைத்தாள்; இல்லையேல் அன்றைய பொழுது இருட்டறையில். எத்தனையோ வருடம் மற்றவர்களுக்கு சாண்ட்விச் வெட்டியவள், இந்த முறைதான் புல்தரையில் பந்து உருட்டும் பௌல்ஸ் ஆட்ட மன்றத்தின் இறுதிப்போட்டிக்கு அணித்தலைவி. பையில் மருந்துக் குப்பி பத்திரமாக இருந்தது.

கடைசிச் சுற்று. புல்தரையில் நின்ற டோரீனின் கண்ணில் கோடு மின்னியது. தோழி ரோண்டா குப்பியை எடுத்து ஓடிவந்தாள். டோரீன் மூக்கில் வைத்து அழுத்தினாள். காற்றுகூட வரவில்லை.

"மெர்வ், இதை நீ தொட்டியா?"

"டீ வேளையில நம்ம ஆளுங்களுக்கு எப்படிப் பிடிக்கணும்னு காட்டினேன். புல்லுக்கு மருந்தடிக்கும்போது என்ன பண்றோம்? மொதல்ல காத்துல ஒரு அடி அடிச்சுப் பாக்கறோம்ல?"

"அடப்பாவி, அதுல இருக்கறதே ஒரு அடிதான்யா!" என்றாள் ரோண்டா. "பெட்டியிலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே!"

"பெட்டியை யாரு படிப்பா, ரோண்டா? தத்துவம் தெரிஞ்சா போதும்."

"தெரியுது, தெரியுது. மருந்து எந்த மூளைக்கும் போய்ச் சேரலைன்னு நல்லாவே தெரியுது."

டோரீன் கையிலிருந்த பந்தை ரோண்டாவிடம் கொடுத்துவிட்டு, காரின் பின்னிருக்கையில் முகத்தைத் துண்டால் மூடிப் படுத்தாள். முன்னிருக்கையில் மெர்வ் வந்து உட்கார்ந்து, தெளிப்பானின் தத்துவத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

"மெர்வ்," துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது, "என் காதுலேர்ந்தும் மூளைக்கு ஒரு நேர்வழி இருக்கு. இன்னைக்கு அதுல வண்டி விடாதே."

வெளியே கைதட்டல் கேட்டது. எதிரணிக்கு.

இதைப் படிக்கும்போதே, 'அந்த மருந்து நேராக மூளைக்கா போகிறது? முதலில் ரத்தத்தில் கலந்துதானே...' என்று திருத்த வாயெடுத்தீர்களோ? நல்லது. கையில் வைத்திருக்கிறீர்களே, அது யாருடைய குப்பி? முதலில் அதைக் கீழே வையுங்கள்.