கேமராவுக்கு வைத்த பொட்டு

சாமி கும்பிடாமல் நான் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. கடைக்கு மேல் மாடியில் கேபிள் சேகரின் லோக்கல் சேனல். எங்கள் ஊரிலும் அணுபுரத்திலும் அது தெரியும். அணுமின் நிலைய ஊழியர்கள் இருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸில் ஆந்திராக்காரர், கேரளாக்காரர், எல்லா ஜில்லாக்காரரும் உண்டு. அதனால் ஞாயிறு காலையில் தெலுங்கு பஜனை, அது முடிந்தால் மலையாளப் பாட்டு. வெள்ளிக்கிழமை கோயில் அபிஷேகம், பின்னாடியே பள்ளிவாசல் பயான் பிரசங்கம். எல்லா சாமியும் ஒரே ஒயரில் வரும்.

சேகருக்கு ஒரு பெரிய ஆசை. கோயில் குருக்கள், பள்ளிவாசல் ஹஜ்ரத், சர்ச் பாஸ்டர் மூவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்து வாராவாரம் நேரடி நிகழ்ச்சி. ஜனங்கள் போனில் கேள்வி கேட்பார்கள், அவர்கள் பதில் சொல்வார்கள். இது நடக்கவேண்டும் என்று நான் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். குருக்களும் ஹஜ்ரத்தும் உடனே சரி என்றார்கள். சாமுவேல் பாஸ்டர்தான் இழுத்தார். "அங்க போயி உக்காந்தா அவர மாத்திடுவாங்க" என்று அவருடைய சபையில் முணுமுணுப்பு.

கடைசியில் அவர் சொன்னார்: "ஒரு வாட்டி வரேன் சேகர். எங்க ஜனங்க மனசு நோகற மாதிரி எதுனா ஆச்சுன்னா இனிமே கூப்பிடாத."

பாஸ்டர் வராமல் நின்றுவிட்டால் நிகழ்ச்சியே நின்றுவிடும். எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு வாட்டிதான்.

கேமராவுக்கு ஆள் இல்லை. கீழ்க்கடைக்காரன், சம்பளம் கேட்கமாட்டான் என்ற இரண்டு தகுதிகளுக்காக சேகர் என்னைப் பிடித்தான்.

"அண்ணாத்த, யாரு பேசறாங்களோ அவங்க பக்கம் கேமராவத் திருப்பு. பின்னாடி ஓட்டைல பாத்துக்கினே இரு. வேற எதையும் தொடாத."

(தொட்டேன்.)

அன்றைக்கு ஆயுத பூஜை. கடையில் ஸ்பானர், பம்பு, பஞ்சர் தொட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, அதே கிண்ணத்தோடு மாடி ஏறினேன். மைக்குக்கு ஒரு பொட்டு. ஒயர் பெட்டிக்கு ஒரு பொட்டு. கேமராவுக்கு எங்கே வைப்பது? உடம்பெல்லாம் பொத்தான். முன்னாடி மட்டும் வழவழவென்று உருண்டையாக ஒரு கண்ணாடி. (முருகன் சத்தியமாக அது எனக்கு நெற்றி மாதிரிதான் தெரிந்தது.) கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் தாராளமாகக் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன்.

ஆறு மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பம். படம் தெரிகிற டிவி பக்கத்து அறையில் இருந்தது, அங்கே ஆள் இல்லை. சேகர் போனோடு இருந்தான். நானோ, பெரிய மனிதரை ஓட்டை வழியாகப் பார்ப்பது மரியாதை இல்லை என்று பாஸ்டரை நேராகவே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் போன் அணுபுரத்திலிருந்து ஒரு அம்மா. "பாஸ்டர் ஐயா, மன்னிப்பு பத்தி ஒண்ணு கேக்கணும். அதுக்கு முன்னாடி, உங்க நெத்தியில குங்குமம் ரொம்ப நல்லாருக்குங்க. இப்படித்தான் ஒத்துமையா இருக்கணும்."

பாஸ்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கைக்குட்டையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தார்.

அடுத்த போன் மீன் மார்க்கெட்டிலிருந்து. "ஐயா, போவல. இன்னும் கீது."

மூன்றாவது போன் பாஸ்டரின் சபை மூப்பர். "ஐயா, இன்னா இது?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

பாஸ்டர் மறுபடி கைக்குட்டையை எடுத்தார். ஹஜ்ரத் பக்கம் திருப்பச் சொல்லி சேகர் கை காட்டினான். திருப்பினேன். உடனே போன்: "இப்ப பாய்க்கும் வெச்சிட்டாங்களா?"

குருக்கள் ஒருத்தர்தான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்க் கேமரா முன்னால் நின்று தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். அது கடைத் துண்டு. சந்தனம், குங்குமம், கிரீஸ் மூன்றும் கலந்து ஊரிலுள்ள டிவியெல்லாம் ஒரே செக்கர் வானம். அந்த வானத்தின் நடுவே நாக்கைத் துருத்திக்கொண்டு என் முகம். துண்டின் நுனியை நாக்கில் தொட்டு மறுபடி துடைக்கப் போனபோது போன் அடித்தது. ஸ்பீக்கரில் என் மனைவி வள்ளி.

"சேகரு, அவர எச்சி தொட்டுத் தொடைக்க வேணாம்னு சொல்லு. பூஜ பண்ண பொருளு."

சோபாவில் பாஸ்டரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறார். ஹஜ்ரத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏகாம்பரம், எங்களுக்கு மட்டுமா? ஊருக்கே வெச்சிட்ட" என்றார்.

நிகழ்ச்சி அத்தோடு முடிந்தது. படியிறங்கப் போன பாஸ்டர் முன்னால் போய் நின்றேன். "ஐயா, என்னால உங்க சபையில..." என்று ஆரம்பித்தேன்.

"மூப்பர நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். "அந்தம்மா மன்னிப்பு பத்திக் கேட்டாங்களே, பதிலே சொல்லல. அடுத்த வாரம் வந்துதான சொல்லணும்?"

வந்தார். மொட்டை மாடிதோறும் டிஷ் வந்து சேகர் சேனலை மூடும்வரை வந்தார்கள், மூவரும். நான் கேமராப் பக்கம் போகவில்லை. போகவிடவில்லை.

சில வருஷம் கழித்து என் மகளைப் பெண் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து வந்தார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் பேரைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரர், "டிவிக்குப் பொட்டு வெச்சவரா?" என்று ஆரம்பித்து முழுக்கதையையும் நடித்தே காட்டிவிட்டார். அரைமணி தாமதமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். போச்சு, பைத்தியக்காரக் குடும்பம் என்று திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பொண்ண அப்புறம் பாக்கலாம். மொதல்ல அந்த நாக்கக் காட்டுங்க சம்பந்தி."

பெண்ணைப் பார்க்கும் முன்னாலேயே சம்பந்தி என்றுவிட்டார். இன்றைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் புதிதாக வந்த உறவுக்காரருக்கு என்னை நாக்கைக் காட்டச் சொல்லித்தான் அறிமுகம் செய்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

அன்றைக்கும் மறுக்கவில்லை. முருகனை நினைத்துக்கொண்டு காட்டினேன்.