‘ப’ வெடிக்கும் வீடு

“இந்தப் பக்கம் சத்தம் கேக்காதும்மா” என்றார் மாமனார்.

கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் நாள் அது. வழியில் வண்டி பஞ்சரானதையும், டிரைவர் ஸ்டெப்னியை மறந்துவிட்டு வந்ததையும், அதற்கு அவர் சொன்ன சாக்குகளையும் அவள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார், இடது கையைத் தலைக்குப் பக்கத்தில் உயர்த்தி, போக்குவரத்துப் போலீஸ்காரர் லாரியை நிறுத்துவது போலக் காட்டித்தான் அதைச் சொன்னார்.

லாரி நின்றுவிட்டது.

“சரிங்க மாமா” என்றாள் பாதிக் குரலில்.

“ம்?”

“சரின்னு சொன்னேன்” என்றாள் கால் குரலில்.

“ம்.”

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பின்வரிசையில் அவள் கிசுகிசுத்தால் தலைமையாசிரியர் அறை வரை கேட்கும். அவள் கணவனே அவளை ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவான். அப்படிப்பட்டவள் இந்த நாலு வருஷமாக, மாமனார் அறை இருக்கும் பக்கம் போனால் பூனை நடை நடந்தாள். தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பது போலப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். இவ்வளவுக்கும் அந்த மனிதர் ஒரு நல்ல வார்த்தை சொன்னாரா என்றால், இல்லை. “டீ வேணுமா மாமா?” என்று பணிவாக, மெதுவாகக் கேட்டால் “ம்” என்பார். போட்டுக்கொண்டு போய் நீட்டினால், “இப்ப எதுக்கு டீ?” என்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதையும் மெதுவாகத்தான் எரிய விட வேண்டும்.

“உங்கப்பா என்னை மனுஷியாவே மதிக்கறதில்ல” என்று கணவனிடம் சொன்னால், “அப்பா அப்படித்தான்” என்பான். அந்த ஒரு பதிலை எத்தனை கேள்விக்குத்தான் வைத்திருந்தானோ.

அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசிய இடம் ஒன்றே ஒன்று. மாமனார் அறையை ஒட்டியிருந்த பழைய சாமான் அறை. அவளுக்குக் குரல் பதிவு வேலை. தெருப் பக்க அறைகளில் ஹாரன் தொல்லை. எனவே மாமனாரிடம் அனுமதி வாங்கச் சொல்லிக் கணவனை அனுப்பினாள். “ம்-னு சொல்லிட்டாரு” என்று வந்தான். சுவரோரமாக மேஜை, மேஜையில் மைக், காதில் ஹெட்ஃபோன். இதுவரை அந்த மைக்கில் அவள் பேசியதெல்லாம் “நீங்கள் அழைத்த அலுவலகத்தின் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன” என்ற ரகம்தான். காத்திருப்பவர்கள் எல்லாம் அவள் குரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் முதன்முதலாக ஒரு முழு நாவல் கைக்கு வந்திருந்தது. ஒலிப்புத்தகம். மருந்துக் கடை நடத்தும் ஒருத்திக்கும் எதிர்க்கடையில் மூக்குக் கண்ணாடி விற்கும் ஒருவனுக்கும் காதல்.

முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பிய மறுநாள், ஸ்டூடியோவிலிருந்து எடிட்டர் அக்காவின் குரல் செய்தி வந்தது.

“கதாநாயகி வாய்க்கு வாய் ‘போப்பா’ங்கிறா. ஒவ்வொரு ‘போப்பா’வுக்கும் இங்க பட்டாசு வெடிக்குது. அது போதாதுன்னு அடியில ‘தட் தட்’னு ஏதோ இடிக்குது. மேஜை அதிர்ச்சி மைக்ல ஏறுதுன்னு நினைக்கறேன். பாப் ஃபில்டர் ஒண்ணு, ஷாக் மவுண்ட் ஒண்ணு வாங்கிப் போடு. வெள்ளிக்கிழமைக்குள்ள சுத்தமா வரலைன்னா புத்தகம் வேற குரலுக்குப் போயிடும். நான் சொல்லல, மேல சொல்றாங்க.”

வேற குரல். அந்த இரண்டு வார்த்தைகளை அவள் மூன்று முறை போட்டுக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் கோபம் ஒரு படி ஏறியது.

கணவன் எலக்ட்ரீஷியன். கடைகள் பக்கம்தான் நாள் முழுக்க இருப்பான் என்று, ஷாக் மவுண்ட் வாங்கி வரும்படி ஃபோனில் சொன்னாள். சாயங்காலம் அவன் ஒரு தடித்த ரப்பர் பாயும், ஒரு சுருள் பச்சை ஒயரும் கொண்டுவந்தான்.

“இது என்னங்க?”

“எர்த் ஒயர். மைக்ல ஷாக் அடிக்குதுன்னு சொன்னியே.”

“அடிக்குதுன்னு யார் சொன்னா? ஷாக் மவுண்ட்டுன்னு சொன்னேன்.”

“அதான். ஷாக் வராம மவுண்ட் பண்றது. ஏய் ரேடியோ, இருபது வீட்டுக்கு எர்த் போட்டவன் நான். என்கிட்டயே கரண்ட் பத்திப் பேசறியா?”

அவள் மறுப்பதற்குள் ஸ்டாண்டில் ஒயரைச் சுற்றி, ஜன்னல் வழியே எங்கோ இழுத்து, “இனி இடி விழுந்தாலும் உனக்கு ஒண்ணும் ஆகாது” என்று கையைத் துடைத்துக்கொண்டான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பதிவில்தான் தொடக்கம் முதல் கடைசி வரை ‘ங்ங்ங்’ என்று ஒரு ரீங்காரம் ஓடியது.

“இப்ப தேனீயும் வளர்க்கறியா?” என்று கேட்டார் எடிட்டர் அக்கா.

மறுநாள் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளே கடைக்குப் போனாள். கடைக்காரர் சாவதானமாகக் கேட்டார்: “உங்க மைக் எவ்வளவு தடிமன்?”

அவள் வீட்டிலேயே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மைக்கைச் சுற்றி வளைத்து அளவு பிடித்திருந்தாள். அந்த வளையம் கலையாமல் பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தவள், அதை அப்படியே நீட்டினாள்.

கடைக்காரர் நாலைந்து ஷாக் மவுண்ட்களை எடுத்துப் பரப்பினார். வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஒரு சின்ன வளையம், இரண்டுக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாக ரப்பர் நாடா. மைக்கைத் தொட்டிலில் போட்ட மாதிரி தொங்க விட வேண்டும். மேஜை அதிர்ந்தாலும் தொட்டிலுக்குள் அதிர்ச்சி போகாது.

“இது உங்க விரல் அளவுக்குச் சரியா இருக்கும். ஆனா ஒரு சைஸ் பெருசா வாங்கிக்குங்க. நாளைக்குப் பெரிய மைக் வாங்குவீங்க, அப்ப உதவும்.”

வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுப்பது போல அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பெரிதையே வாங்கினாள். பாப் ஃபில்டரில் கம்பி வலை, துணி வலை என்று இரண்டு விதம். “உங்களுக்குத் துணிதான். மைக்குக்கும் இதுக்கும் நாலு விரல் இடைவெளி, இதுக்கும் உங்க வாய்க்கும் ஒரு சாண். ‘ப’ வந்து துணியில மோதி அங்கேயே உக்காந்துடும்” என்றார். துணி விஷயத்தில் அந்த மனிதர் சொன்னது சத்தியம். ‘போப்பா’ பூப்போல விழுந்தது.

மவுண்ட் விஷயத்தில்தான் மோசம் போனாள். மருந்துக் கடைக்காரி மனம் திறக்கும் இடம் வந்ததும் மைக் தொட்டிலிலிருந்து மெல்ல நழுவி, தலை கவிழ்ந்து, தூங்கி விழுந்தது. கணவன் ஓடி வந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மைக்கைச் சுற்றிச் சுற்றி ஒட்டித் தடிமன் ஏற்றினான். அதற்குப் பிறகு அது நழுவவில்லை. பார்ப்பதற்குக் கழுத்தில் கட்டுப் போட்ட நோயாளி மாதிரி இருந்தது.

“‘ப’ அடங்கிடுச்சு” என்றார் எடிட்டர் அக்கா. “இனி தைரியமா குரலை இறக்கு. காதல் வர்ற இடத்துல காதுல ரகசியம் சொல்ற மாதிரி சொல்லு. ஆனா அந்தத் ‘தட் தட்’ மட்டும் போகலையே. முன்னைக்கு இப்ப பலமா இருக்கே.”

“எப்படிக்கா பலமாகும்? தொட்டில்ல இல்ல போட்டிருக்கேன்.”

“தொட்டிலைத் தாண்டிக் கேக்குதுன்னா, மேஜையில இருந்து வரல. வெளியில இருந்து வருது. யாருன்னு பாரு.”

யாரென்று பார்க்க அவள் மாடிக்குப் போனாள். மாடி வீட்டுக்காரி வாஷிங் மெஷின் வாங்கிய புதிது. வேறு யாராக இருக்க முடியும்?

“உங்க மெஷினை வெள்ளிக்கிழமை வரைக்கும் போடாதீங்க. என் பொழைப்பே போகுது” என்றாள், வாசலிலேயே நின்று.

“என்ன மெஷின்?”

“தட் தட்னு அடிக்குதே, அது.”

மாடி வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்தாள். “மோட்டார் ரிப்பேர்னு நேத்துல இருந்து எங்களுக்குத் தண்ணியே ஏறல. உங்க வீட்டுக்காரர்தான் வந்து பாத்துட்டு, நாளைக்கு வர்றேன்னு போனாரு. அந்த நாளை எப்பன்னு நான் உங்களைக் கேக்கணும், நீங்க என்னைக் கேக்கறீங்களா?”

அவள் படி இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று மேலேயே நின்றுவிட்டது. அதை எடுக்கத் திரும்பிப் போக ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டில் கணவனுக்கு முதலில் பேச்சு விழுந்தது, பிறகுதான் குழம்பு விழுந்தது. அவன் சாப்பிட்டு முடித்து, பரணில் கிடந்த தடித்த மெத்தை ஒன்றை இறக்கி, மைக்குப் பின்னால் சுவரோடு நிறுத்தி ஆணியடித்தான். “இனி எறும்பு தும்மினாகூட உள்ள வராது” என்றான்.

எறும்பு தும்மவில்லை. மறுநாள் பதிவில் விழுந்தவை ‘தட் தட்’ அல்ல, ‘டமார் டமார்’.

வெள்ளிக்கிழமை மதியம் எடிட்டர் அக்காவே ஃபோனில் அழைத்தார். குரலில் என்றுமில்லாத தயக்கம்.

“தப்பா நினைக்காதே. உன் பதிவு மொத்தத்தையும் உக்காந்து கேட்டேன். உங்க வீட்டுல யாருக்காவது காதல் பிடிக்காதா?”

“என்னக்கா கேள்வி இது?”

“கடைத்தெரு சண்டை இருபது நிமிஷம், ஒரு தட்டு இல்ல. அவ அம்மா அவளைத் திட்டற இடம், சுத்தமா இருக்கு. இவன் கண்ணாடியைக் கழட்டிட்டு அவ பக்கத்துல வர்றான் பாரு, உடனே தட்டு. அவ கையைத் தொடறான், ரெண்டு தட்டு. ‘உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்’னு அவ ஆரம்பிக்கறா, டமார். மெஷினுக்கு இதெல்லாம் தெரியாதும்மா. இது யாரோ கேட்டுக்கிட்டு இருந்து தட்டறாங்க. ராத்திரிக்குள்ள அந்தத் தட்டு விழற இடங்களை மட்டும் சுத்தமா படிச்சு அனுப்பிடு. அதுக்கு மேல என்னால தாங்கிப் பிடிக்க முடியாது.”

அவள் ஃபோனை வைத்துவிட்டு அந்த மெத்தையைப் பார்த்தாள். மெத்தைக்குப் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால்?

கோபம் என்று அதுவரை அவள் நினைத்திருந்ததெல்லாம் கோபமே இல்லை. இதுதான் கோபம். நாலு வருஷம் பூனையாக நடந்தாள். இரும்பைப் பஞ்சாக வைத்தாள். தன் சொந்தத் தும்மலைக்கூட முந்தானையில் பொத்தித் தும்மினாள். எல்லாம் போதாதென்று, அவள் வாய் திறக்கும் அந்த ஒரே அறையிலும் நாலு நல்ல வார்த்தை காதலாகப் பேசிவிடக் கூடாதாம். சண்டை போட்டால் பரவாயில்லையாம். திட்டினால் பரவாயில்லையாம்.

ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்தாள். கூடத்தில் கணவன் ஸ்க்ரூடிரைவரோடு எதையோ பிரித்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

“எங்க போறே?”

“உங்கப்பாகிட்ட.”

“ஏய் ரேடியோ, கொஞ்சம் மெதுவா பேசு.”

“நாலு வருஷமா மெதுவாத்தான் பேசறேன்.”

மாமனாரின் அறைக் கதவை அவள் தட்டவில்லை. தள்ளினாள்.

நாற்காலி சுவரோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தது. அதில் மாமனார் ஒருக்களித்து உட்கார்ந்து, வலது கன்னத்தைச் சுவரில் பதித்து, கண்ணை மூடியிருந்தார். மடியில் கைத்தடி. தலை படும் இடத்தில் சுண்ணாம்பில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை; நேற்று இன்று விழுந்த கறை அல்ல. கதவு திறந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

“மாமா.”

அசைவில்லை. இந்த அலட்சியம்தான். அவள் நாலு வருஷத்துக் குரலையும் ஒன்றாகச் சேர்த்து, பின்வரிசையிலிருந்து தலைமையாசிரியர் அறை வரை போகும் அந்தக் குரலில் கேட்டாள்:

“மாமா, நான் காதல் கதை படிக்கறது உங்களுக்குப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. சுவரைத் தட்டாதீங்க.”

மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். அவள் பின்னாலேயே வந்த கணவன் நிலைப்படியில் நின்றுவிட்டான்.

மாமனார் கண்ணைத் திறந்தார். கோபிப்பார் என்று நினைத்தாள். அவரோ, எத்தனையோ நாளாகச் சரியாகப் பிடிக்காத ஸ்டேஷன் பளிச்சென்று பிடித்தது போல முகம் மலர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி கைத்தடியை மெதுவாக நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

“கேக்கலாமா வேண்டாமான்னே இருந்தேம்மா” என்றார். “நீ வேலை செய்யற நேரம். வாயைத் திறந்து கேக்கக் கூச்சமா இருந்தது.”

“என்ன கேக்க?”

அவர் இடது கையை உயர்த்தினார். முதல் நாள் உயர்த்திய அதே கை, தலைக்குப் பக்கத்தில் அதே இடம். இந்த முறை அவள் அந்தக் கை சுட்டிய இடத்தைப் பார்த்தாள். அது வீட்டின் எந்தப் பக்கமும் அல்ல. அவருடைய இடது காது.

“இந்தப் பக்கம் சத்தம் கேக்காதுன்னு வந்த அன்னைக்கே சொன்னேனேம்மா, அவன் கிட்ட வந்தாலே நீ குரலை இறக்கிடறே, கொஞ்சம் சத்தமா படியேன், அந்தப் பொண்ணு அவன்கிட்ட என்ன சொன்னான்னு தெரியாம எனக்குத் தூக்கமே வரல.”