சம்பந்தி வீட்டுச் சுடுதண்ணீர்

குரும்பலூர்,
வெள்ளிக்கிழமை காலை.

பெரிய மச்சான், தா.பழூர் இளையபெருமாள் அவர்களுக்கு, தங்கள் தங்கை மலர்க்கொடியைக் கட்டிய பிளம்பர் கொளஞ்சி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் மூவரும் சுகம். தாங்களும், அக்காவும், நாற்றங்காலும், சினைமாடும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் திட்டி முடித்தவுடன் வைத்துவிடுகிறீர்கள். காகிதம்தான் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும். தா.பழூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், மத்தியானத்துக்குள் கைக்கு வந்துவிடும். ஆகையால் முதலில் நல்ல சேதி. அபிநயாவுக்கு நீங்கள் பார்த்துக் கொடுத்த அரியலூர் சம்பந்தம் முறியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே நிச்சயம். சம்பந்தி ராசாங்கம் வெந்துபோனார், சம்பந்தம் நின்றுபோனது என்று பாவாடை சித்தப்பா உங்களிடம் வந்து சொன்னாராமே, அதில் பாதிதான் உண்மை.

நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தி கட்டிய புது வீட்டுக்குக் குழாய் வேலை முழுக்க நான்தான் செய்தேன், அது உங்களுக்கே தெரியும். மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர். கீழேயிருந்து இரண்டு பைப் மேலே ஏறி வருகிறது. ஒன்று குளியலறைக்கு, அதில் சுடுதண்ணி போக வேண்டும். இன்னொன்று கக்கூசுக்கு, அதில் பச்சைத்தண்ணி. இரண்டும் ஒரே நிறம், ஒரே தடிமன், ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரி நிற்கும். எங்கள் தொழிலில் சிவப்பு என்றால் சுடுதண்ணி. போன வியாழக்கிழமை பெயிண்ட் தீர்ந்துபோனதால் குளியலறைப் பைப்பின் மேல் சிவப்பு சாக்பீசால் ஒரு பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சம்பந்தியம்மா செல்வம்மாள் எப்பேர்ப்பட்ட பக்தி என்று தெரியுமே உங்களுக்கு, மோட்டாருக்குக்கூடப் பொட்டு வைக்காமல் சுவிட்சைத் தொடமாட்டார்கள். புதுசாக வந்த சோலார் டிரம்முக்குச் சந்தனம் குங்குமம் வைக்கத் தட்டோடு மாடி ஏறியிருக்கிறார்கள். பார்த்தால் ஒரு பைப்புக்குப் பொட்டு இருக்கிறது, பக்கத்துப் பைப்பு மூளியாக நிற்கிறது. "அதுக்கு யாரோ வச்சிருந்தாங்கண்ணே, இது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?" என்று பிறகு என்னிடமே கேட்டார்கள். அந்தக் கக்கூஸ் பைப்புக்குக் குங்குமத்தைச் சந்தனத்தில் குழைத்துக் கெட்டியாக வைத்த பொட்டு அது. அன்று ராத்திரி ஒரு கோடை மழை. என் சாக்பீஸ் கரைந்து போய்ச் சேர்ந்தது. அந்தம்மா வைத்த பொட்டு அசையவில்லை. சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தேன், சிவப்பு இருந்தது, அதில் சுடுதண்ணியைக் கொடுத்தேன். சாயங்காலம் திறந்து சோதித்தும் பார்த்தேன் மச்சான், சத்தியமாகப் பார்த்தேன். அப்போதுதான் டிரம்மில் தண்ணீர் ஏற்றியிருந்தது, பொழுதும் இறங்கிவிட்டது, இரண்டு குழாயிலும் பச்சைத்தண்ணிதானே வரும்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை புதுமனை புகுவிழா. விடியலிலிருந்து வந்தவர்களை வாங்க வாங்க என்று கும்பிட்டுக்கொண்டே இருந்த மனுஷனுக்கு மத்தியானம் பந்தி உட்கார்ந்த பிறகுதான் உள்ளே போக நேரம் கிடைத்தது. அரியலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், சுண்ணாம்புக்கல்லே வெந்துபோகும். டிரம்மில் தண்ணீர் சோறு வடிக்கிற பதத்தில் இருந்திருக்கிறது. போனவர் காரியத்தை முடித்துக் கழுவுகிற கைக்குழாயை அமுக்கியிருக்கிறார். அடேயப்பா! அந்தச் சத்தத்தில் சாம்பார் வாளியோடு நின்றவன் வாளியைக் கீழே போட்டான். "பாம்பு பூந்துருச்சுடா!" என்று நாலு பேர் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கதவு திறந்தது. சம்பந்தி இரண்டு காலையும் அகட்டி வைத்து, வேட்டியைத் தொடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதுவாவது பரவாயில்லை, "பொண்ணெடுக்கறதுக்கு முன்னாடியே சூடு வச்சுட்டாரேப்பா பொண்ணோட அப்பன்" என்று எவனோ பந்தியில் சொல்ல, அதைப் பிடித்துக்கொண்டு பாவாடை சித்தப்பா ரசத்துக்குக்கூட நிற்காமல் தா.பழூர் பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு என் வீட்டில் நடந்ததை எப்படி எழுதுவேன்? "ஊருக்கெல்லாம் ஒழுங்கா போட்டுக் குடுத்துட்டு, பொண்ணு வாழப்போற வூட்லதான் கொதிக்கிற தண்ணிய வுடணுமா ஒங்களுக்கு?" என்று உங்கள் தங்கை ஆரம்பித்தவள், பால் பொங்கினாலும் அதையே சொன்னாள், பஸ் லேட்டானாலும் அதையே சொன்னாள். அவள் ஏசியதுகூட எனக்கு உறைக்கவில்லை. அபிநயா தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாளே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. சம்பந்தி மகன் அறிவரசனை நம் பிள்ளைக்குப் பிடித்துப்போயிருக்கிறது மச்சான். நான் வைத்த ஒரு சாக்பீஸ் பொட்டால் அது கெட்டுப்போகுமே என்று அன்றிலிருந்து சாக்பீஸையே தொடவில்லை.

நேற்று மத்தியானம் சம்பந்தி போன் செய்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன். ஆனால் அவர் ரகசியக் குரலில், "சம்பந்தி, தனியாவா இருக்கீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "வெளிய சொல்லிராதீங்க. கல்லு லாரியில உக்காந்து உக்காந்து எனக்கு மூலம். டாக்டர் தெனம் வெதுவெதுப்பான தண்ணியில உக்காரச் சொன்னாரு. பேசின்ல தண்ணி வச்சு உக்காந்தா வூட்ல கேப்பாங்களேன்னு வெக்கப்பட்டுக்கிட்டு வுட்டுட்டேன். அன்னிக்கு மத்தியானம் உசுரு போயிருச்சு, வாஸ்தவம். ஆனா மறுநாள் விடியக்காலைல பயந்து பயந்து லேசா தொறந்தேன் பாருங்க… வெதுவெதுன்னு… அய்யோ சாமி! நாலு நாளா சொகமா இருக்கேன். எனக்கு இப்படின்னு தெரிஞ்சேதான போட்டீங்க?"

நான் ஒரு சிரிப்பு சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

"பொண்ணு குடுக்கறவங்க ஆயிரம் பேரு இருப்பாங்க, ஒடம்பறிஞ்சு செய்யிறவங்க யாரு? வர்ற ஞாயித்துக்கெழமையே தட்டு மாத்திருவோம். ஆனா ஒண்ணு. அந்த லைன்ல மட்டும் எவனும் கை வைக்கக் கூடாது. வச்சா நான் மனுசனா இருக்கமாட்டேன்" என்றார். கோடையில் குளியலறைக்குச் சுடுதண்ணி யார் கேட்கப் போகிறார்கள்? போனை வைத்துவிட்டு, பைப் கடை வாசலிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அபிநயா ராத்திரி இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆகவே, தாய்மாமன் தட்டோடும் அக்காவோடும் சனிக்கிழமையே வந்துவிட வேண்டும். நீங்கள் முன்னால் நிற்காமல் என் மகளுக்கு எந்தத் தட்டும் மாற்ற மாட்டேன். சம்பந்தியின் உடம்பு விஷயம் உங்கள் வயிற்றோடு இருக்கட்டும், குறிப்பாகப் பாவாடை சித்தப்பாவின் காதில் விழ வேண்டாம். அக்காவுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் கோபம் தணிந்து குலம் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
இப்போதுதான் மூச்சு விடுகிற,
கொளஞ்சி.

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை அறிவரசன் போன் செய்தார். அப்பாவின் உடம்புச் சங்கதி அவருக்குத் தெரியாது. "மாமா, நீங்க மாத்திக் குடுத்த லைனை நேத்து சாயங்காலம் நானே சரி பண்ணிட்டேன். ஒங்கள யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுன்னு அப்பாகிட்டகூட சொல்லல" என்றார். சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர் அல்லவா, ஒரு சொட்டு ஒழுகலையாம். தங்கமான பிள்ளை மச்சான், இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைப்பான்? ஆனால் விடியக்காலையில் சம்பந்தி ஆசையாகப் போய் உட்கார்ந்து பச்சைத்தண்ணியைத் திறந்திருப்பார். மாப்பிள்ளை போனை வைத்ததிலிருந்து என் போனில் சம்பந்தி பெயர் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது, நான் எடுக்கவில்லை. நீங்கள் சனிக்கிழமை வரை இருக்க வேண்டாம், இன்றைக்கே தட்டோடு நேராக அரியலூருக்கு வந்துவிடுங்கள், பக்கத்தில் ஒரு பெரிய மனுஷர் இருந்தால் நல்லது. நான் ரெஞ்சை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். தொழிலுக்கு வந்ததிலிருந்து இன்றைக்குத்தான், தப்பாக மாட்டுவதற்கென்றே கிளம்புகிறேன்.